இழுக்கிற சக்கரம்

மூத்தவருக்கு அந்தக் காரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஜப்பானில் செய்த இரண்டு கதவு வண்டி, கூப்பே என்பார்கள். பின்னால் உட்கார வேண்டுமென்றால் முன் இருக்கையை மடக்கி, உடம்பை மடக்கி, மரியாதையையும் கொஞ்சம் மடக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். நின்றால் தரையோடு ஒட்டிக் கிடக்கும்.

"இது காரு இல்லடா, செருப்பு. காலை விடலாம், குடும்பத்தை ஏத்த முடியாது" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பி சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

தம்பி அந்த வண்டியை முதலில் பார்த்தது தெருவில் அல்ல, டிவி திரையில். படிக்கிற காலத்தில் நண்பன் வீட்டில் கார் பந்தய வீடியோ கேம் ஒன்று இருந்தது. மற்றவர்கள் பின் சக்கரம் சீறுகிற பெரிய வண்டிகளாகப் பார்த்து எடுப்பார்களாம். இவன் மட்டும், எஞ்சின் விசையில் முன் சக்கரம் இழுக்கிற இந்தச் சின்னக் கூப்பேயையே எடுப்பானாம். "நேர் ரோட்டுல நீங்க போங்கடா, வளைவுல நான் வரேன்" என்பானாம். வளர்ந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிற வேலையில் சேர்ந்து, கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவும் ஆன பிறகு, அதே வண்டி பழையதாக ஒன்று விலைக்கு வந்தது. அண்ணனைக் கேட்காமல் அவன் செய்த ஒரே காரியம் அதை வாங்கியதுதான். மனைவியை மட்டும் கேட்டிருக்கிறான். "முன் சீட்டு எனக்குத்தானே, அப்புறம் என்ன" என்றாளாம் அவள்.

அந்த முன் சீட்டில்தான் அவள் இறந்தாள்.

தாத்தா வீட்டுக்குப் போயிருந்த குழந்தையைக் கூட்டி வர இருவரும் கிளம்பிய மாலை அது. நல்ல மழை. ஊருக்கு வெளியே ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் விலகி, முழுதாகச் சுற்றி, அவள் இருந்த பக்கமாக விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. அவனுக்குத் தோளெலும்பு முறிந்ததோடு சரி. வேகம் அளவுக்கு மீறவில்லை என்று போலீஸ்காரர்கள் சொல்லி விஷயத்தை முடித்துவிட்டார்கள். ஊர் முடிக்கவில்லை. அவள் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எல்லார் முன்னிலையிலும் ஒரே வாக்கியம் சொன்னார்: "ரோட்டையும் கேம்னு நெனச்சு ஓட்டி என் பொண்ணைக் கொன்னுட்டார்." அதுவரைக்கும் "மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், அன்றிலிருந்து "உங்க தம்பி" என்றார்.

குழந்தை தாத்தா வீட்டிலேயே தங்கிவிட்டது. தம்பி போய்க் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பான்? இப்போது தலைமையாசிரியரே சொல்லி அனுப்பியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், குழந்தை இனி எங்கே வளரும் என்பதைப் பேசி முடித்துவிடலாம். முடித்துவிடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குழந்தை இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள் என்று அர்த்தம்.

பேச வேண்டியவர் மூத்தவர். அப்பா வைத்துவிட்டுப் போன டயர் கடையை நடத்துகிறவர். தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். நாற்காலியில் சாய மாட்டார். டயருக்குக் குனியும்போதுகூட முதுகு வளையாமல் முழங்காலை மடக்கித்தான் உட்காருவார். "முதலாளி முதுகுக்குள்ள ஜாக்கி வச்சிருக்காரு" என்று கடையில் பஞ்சர் ஒட்டுகிற கிழவர் சொல்வார், அவர் காதில் விழும்படியாகவே. அந்தக் கடைத்தெருவில் ஒரு டயரைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டியதை அவர் மனதில் தயாராக வைத்திருந்தார். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒழுங்கீனமாக ஓட்டுகிறவன் அல்ல. மழை, விதி, அவ்வளவுதான். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவரே அதை நம்பவில்லை. தலைமையாசிரியர் சொன்னதுதான் உண்மை என்று உள்ளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. நம்பாததை நாலு பேர் முன்னால் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்தபோது மாடியிலிருந்து சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம். மெல்ல ஏறி, ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் வீறிடுகிற அந்தக் கூப்பேயின் சத்தம். நடுவில் டயர் கிறீச்சிடும், டமாரென்று ஒரு மோதல், மறுபடி முதலிலிருந்து.

அவர் மனைவி சாப்பாட்டுத் தட்டோடு குறுக்கே வந்தாள். "விடுங்க. பாவம், கொஞ்ச நாளா இப்படித்தான்."

"கொஞ்ச நாளாவா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு மாடி ஏறுவீங்கன்னுதான்."

அவர் ஏறினார். கதவைத் தட்டவில்லை. தம்பி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கேம் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. வளைவில் சின்னக் கூப்பே நுழைந்தது, வால் விலகியது, சுற்றியது, சுவரில் இடித்தது. தம்பியின் முகத்தில் ஆடுகிறவனின் பரபரப்பு எதுவும் இல்லை. கண்ணாடியில் கீறல் தேடும்போது எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு உயிரு போயிருக்கு. உனக்கு இன்னும் ஆட்டம் முடியலையா?"

தம்பி பதறி எதையோ அழுத்தினான். அணைப்பதற்குப் பதிலாக வேறொரு பக்கம் திறந்துகொண்டது. காரை மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு படம். நான்கு சக்கரம். முன் இரண்டின் பக்கத்தில் 'புதியது' என்றும் பின் இரண்டின் பக்கத்தில் 'தேய்ந்தது' என்றும் இருந்தது.

மூத்தவர் கிட்டே போனார். "என்னடா இது?"

"ஒண்ணுமில்லண்ணே."

"டயர் கடைக்காரன்கிட்ட டயர் படத்தைக் காட்டி ஒண்ணுமில்லங்கிறியா?"

"சும்மா வச்சுப் பாத்தேன்."

"மாத்தி வை. புதுச பின்னாடி வச்சு ஓட்டு."

"வேணாம்ணே. இது விளையாட்டு."

"ஓட்டுடா."

தம்பி மாற்றினான். அதே மழை, அதே வளைவு, அதே வேகம். கூப்பேயின் மூக்கு வளைவின் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளியது. அவன் விரலை லேசாகத் தளர்த்தியதும் வேகம் இறங்கி, வழிக்கு வந்து, வளைவைத் தாண்டிப் போய்விட்டது. சக்கரத்தைப் பழையபடி மாற்றினான். வால் விலகியது, சுற்றியது, இடித்தது.

"விளையாட்டைச் செஞ்சு விக்கிறவன் எதையும் காட்டுவான்" என்றார் மூத்தவர்.

"ஆமாண்ணே. வெறும் விளையாட்டுதான்" என்றான் தம்பி உடனே.

உடனே சொன்னதுதான் அவரைக் குத்தியது. தன் பக்கம் பேச வந்த ஒரே சாட்சியை இவ்வளவு அவசரமாக எவனாவது துரத்துவானா?

அவர் கீழே இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தார். விபத்துக்கு முந்தின வாரம் கடையில் நடந்தது அப்படியே கண் முன்னால் வந்தது.

கூப்பேயின் நான்கு டயரும் வழுவழுவென்று ஆகியிருந்தன. அந்த அளவு டயர் எளிதில் கிடைக்காது. இரண்டுதான் வந்து சேர்ந்திருந்தது. மற்ற இரண்டும் வந்ததும் போடலாம் என்று அவரே தன் கையால் இரண்டையும் முன்னால் மாட்டினார். கடையில் அப்பா வைத்த முறை அது: இழுக்கிற சக்கரத்துக்கு நல்ல டயர். பாரம் இழுக்கிறது எதுவோ அதற்குத்தான் பிடிமானம் வேண்டும். அப்பா காலத்திலிருந்து அந்த முறைப்படி மாட்டிய எந்த வண்டியும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

அன்று தம்பி மெல்லக் கேட்டான். "அண்ணே, ரெண்டு இருந்தா பின்னாடி போடறது நல்லதோ? கேம்ல இந்த வண்டிக்கு..."

"கேம்ல டயர் தேயுமாடா?"

"தேயும்ணே, இப்பல்லாம்..."

"அப்ப அங்கயே போய்ப் பஞ்சரும் ஒட்டிக்க. எனக்கு டயர் சொல்லித் தர வந்துட்டான்."

பஞ்சர் ஒட்டுகிற கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் சிரித்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் சொன்னால் சரி என்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மூத்தவர் கடைக்குப் போகவில்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கொட்டகைக்குப் போனார். திரையை நம்பி அவரால் எதையும் ஏற்றுக்கொள்ள முடியாது. கை பட வேண்டும்.

கூப்பே ஒரு மூலையில் கிடந்தது. ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. அந்தப் பக்கம் அவர் பார்க்கவில்லை. கொட்டகைக்காரர் பின்னாலேயே வந்தார். யார் வண்டி என்று அவருக்குத் தெரியாது.

"பாகம் வேணுமா சார்? முன் டயர் ரெண்டும் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கு, எடுத்துக்கலாம். பின்னாடி ரெண்டும் என் தலை மாதிரி. எதுக்கும் ஆகாது."

மூத்தவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். பின் டயரில் கட்டைவிரலை வைத்து ஓட்டினார். தண்ணீர் ஓடிப்போக ஒரு பள்ளம் மிச்சமில்லை. ஈரத் தரையில் இது டயர் இல்லை, சோப்பு. முன் சக்கரம் தரையைக் கவ்விப் பிடிக்க, பின்பக்கம் பிடிப்பில்லாமல் சுற்றத்தானே செய்யும்? குழந்தைக்கும் புரிகிற கணக்கு. அப்பா காலத்து வண்டிகள் எல்லாவற்றுக்கும் பின் சக்கரம்தான் இழுக்கும், முறைப்படி நல்ல டயர் பின்னால் போய்விடும், வால் நிற்கும். அப்பா சொன்ன காரணம் தப்பு, பலன் மட்டும் சரியாக இருந்திருக்கிறது. பிறகு முன் சக்கரம் இழுக்கிற வண்டிகள் வந்தன. காரணத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிதானமாகப் போகிற குடும்ப வண்டிகள், ஒன்றும் ஆகவில்லை, ஆகாததெல்லாம் முறையின் பெருமையில் சேர்ந்தது. டயர் கம்பெனி ஆள் ஒருவன் வந்து, புது ஜோடியை எப்போதும் பின்னால் போடுங்கள் என்று படம் போட்டு விளக்கினான். "தம்பி, நீ டை கட்டறதுக்கு முன்னாடியே நான் டயர் கட்டினவன்" என்று சொல்லி அவனை அனுப்பியது அவர்தான்.

"எடுத்துக்கறீங்களா சார்?"

"வேணாம்."

எழுந்திருக்க அவருக்குக் காரின் மேல் கை ஊன்ற வேண்டியிருந்தது.

அன்று மாலையும் மறுநாள் காலையும் அவர் அதையே எடை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு புறம் கடை. அப்பாவின் பேர். அந்தப் பேரை நம்பித்தான் ஊரில் ஒருவன் தன் பிள்ளை குட்டிகளை வண்டியில் ஏற்றுகிறான். மறுபுறம் மாடியில் இருக்கிறவன். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, திறக்கப்போவதும் இல்லை. தானும் சும்மா இருந்துவிட்டால் வீட்டு மானத்துக்கு ஒரு கீறல் விழாது. தம்பி மேல் மட்டும்தான் விழும். அதுவும் ஏற்கெனவே விழுந்ததுதானே?

அப்படி ஒரு கணம் நினைத்தார் என்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியரும் அவர் மனைவியும் வந்தார்கள். குழந்தையை அழைத்து வரவில்லை. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூத்தவரின் மனைவி டீ வைத்தாள், யாரும் தொடவில்லை.

"சுத்தி வளைக்க வேண்டாம் சம்பந்தி" என்றார் தலைமையாசிரியர். "குழந்தை எங்ககூடயே இருக்கட்டும். உங்க தம்பி வந்து பாக்கணும்னா வாசல்ல பாத்துட்டுப் போகட்டும். வேற ஏதாவது சொல்றதுக்கு இருந்தா சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

"இவ்வளவு கோவத்தை வச்சுக்கிட்டு எப்படிக் கேப்பீங்க?" என்று மூத்தவரின் மனைவி முணுமுணுத்தாள்.

"கோவம் இல்லம்மா. நாப்பது பேர் இருக்கிற வகுப்புல தப்புப் பண்ணினவன் யாருன்னு எனக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரியும். உங்க தம்பி மூஞ்சியப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். தம்பி தலை குனிந்திருந்தான். பிறகு, யாரும் கேட்காமலேயே சொன்னான்:

"நீங்க சொல்றது சரிதான் மாமா. நான் வேகமா வந்துட்டேன். எதையும் யோசிக்கல. கேம் மாதிரிதான் ஓட்டினேன்."

தலைமையாசிரியரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மெல்லத் தலையசைத்தார். ஒரு கேள்விக்கு எதிர்பார்த்த விடை வந்துவிட்டது. இனி எழுந்து போகலாம் என்பது போல நாற்காலியின் கையைப் பிடித்தார்.

"பொய் சொல்றான்" என்றார் மூத்தவர்.

"அண்ணே."

"நீ சும்மா இரு. இத்தனை வருஷம் நான் பேசும்போது நீ சும்மாதான் இருந்தே. இன்னிக்கும் இரு." சம்பந்தி பக்கம் திரும்பினார். "இவன் வேகமா வரல. போலீஸ் சொன்னதுதான் நிஜம். வண்டி சுத்தினதுக்குக் காரணம் பின் டயர். பின்னாடி போட வேண்டிய புது டயரை முன்னாடி போட்டது நான். என் கடையில, என் கையால. இவன் வேண்டாம்னு சொன்னான். நான் கேலி பண்ணி வாயடச்சேன்."

தலைமையாசிரியர் நாற்காலியின் கையை விட்டார்.

"தெரியாமச் செஞ்சீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பிக்கக் கதவு திறந்திருந்தது. சம்பந்தியே திறந்து வைத்த மாதிரி கேட்டார்.

"தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஒருத்தன் கடைக்கே வந்து சொன்னான். தம்பியும் சொன்னான். தெரிஞ்சுக்க மாட்டேன்னு செஞ்சேன்."

தலைமையாசிரியரின் மனைவி முதல் முறையாகப் பேசினாள், தம்பியைப் பார்த்து. "உனக்கு இது தெரியுமாப்பா?"

"தெரியும் அத்தே."

"தெரிஞ்சுமா நாங்க பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னே?"

அவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை; நின்றாள், அவ்வளவுதான். தலைமையாசிரியர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். குழந்தையைப் பற்றிய பேச்சை எடுக்காமலே இருவரும் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் தம்பி அண்ணன் முன்னால் வந்து நின்றான். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது.

"உங்களை யாருண்ணே சொல்லச் சொன்னா? உங்களுக்குன்னு நான் குடுக்கறதுக்கு இருந்தது இந்தப் பழிய நானே சுமக்கறது ஒண்ணுதான். அதையும் வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டீங்க."

"அது நீ குடுக்கக் கூடியதும் இல்ல, நான் வாங்கக் கூடியதும் இல்ல" என்றார் மூத்தவர்.

கடையில் அவரே எல்லாரிடமும் சொன்னார். ஊர் வாயில் புகுந்து திரிந்து வருவதைவிடத் தன் வாயால் நேராகப் போகட்டும் என்று நினைத்தார். சிலர் எதிர்க் கடைக்குப் போனார்கள். பஞ்சர் ஒட்டுகிற கிழவர் இரண்டு நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள், "முதலாளி, இனிமே எனக்கும் சொல்லிக் குடுங்க, எது எங்க போடறதுன்னு" என்றார். அது கேலியா இல்லையா என்று மூத்தவருக்குத் தெரியவில்லை.

தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது. தம்பியிடம்தான் பேசினார். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதைத் தம்பி அண்ணியிடம் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. குழந்தை அப்பாவோடு வளரலாம். ஆனால் அந்த வீட்டில் வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது. அங்கே வாருங்கள். உங்கள் அண்ணன் முகத்தைத் தினமும் பார்க்கிற பலம் எனக்கு இல்லை, மன்னிக்கச் சொல்லுங்கள்.

"மாட்டேன்னு சொல்லப் போறேன்" என்றான் தம்பி.

"சொன்னேன்னா உன்னைச் செருப்பால அடிப்பேன்" என்றார் மூத்தவர். "போய் உன் பொண்ணை வளத்துக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. முன்னால் தலைமையாசிரியர், இறங்கவில்லை. பின்னால் குழந்தை. தம்பி மூட்டைகளை ஏற்றினான். அண்ணியிடம் சொல்லிக்கொண்டான். அண்ணன் எதிரில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போய் ஏறினான். மூத்தவர் படியிலேயே நின்றார். காருக்கருகே போனால் சம்பந்தியின் கண்ணில் படும். அந்தத் தொந்தரவை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

குழந்தை கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா வரலையா தாத்தா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லச் சம்பந்திக்கு உரிமை உண்டு. உண்மையைச் சொன்னாலும் தலை நிமிர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தலைமையாசிரியர் திரும்பாமல், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பெரியப்பாவுக்குக் கடை இருக்கும்மா. அவர் பாத்து அனுப்பினாத்தானே எல்லாரும் வண்டியில போக முடியும்."

"அப்படியா பெரியப்பா?" என்று கத்திக் கேட்டாள் குழந்தை.

அன்று கடைக்கு விடுமுறை.

"ஆமாம்மா, கடை இருக்கு" என்றார் மூத்தவர். அந்த ஒரு பொய்யைத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை.